இருபத்து நான்கு ஸ்டூல்கள்

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு, குமாசி நகரின் அயெடுவாசே பகுதியில், பொகுவா என்ற இருபத்தேழு வயதுப் பெண் ஒரு ஸ்டூலை இரண்டடி தள்ளி வைக்கப்போய், ஒரு முற்றத்தை அதன் நான்கு சுவர்களோடும் ஒரு மரத்தோடும் சேர்த்து ஆகாயத்துக்குத் தூக்கிவிட்டாள்.

முற்றம் கண்ணை மூடி மாட்டும் விளையாட்டு ஹெட்செட்டுக்குள் இருந்தது. வெளியே போஹெனின் விளையாட்டுக் கடை எப்போதும்போல அதே இடத்தில்தான் இருந்தது. ஹெட்செட் மாட்டியவர் பார்ப்பதெல்லாம் கடைச் சுவரில் தொங்கும் டிவியிலும் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை என்பதால் வாடிக்கையாளர் யாரும் இல்லை. போஹென் ஒருவன்தான் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு ஸ்டூலத் தூக்கும்மான்னா ஊரையே தூக்கிட்டியே," என்றான். "பக்கத்து வீட்டுக்காரன் துணி காயப்போட்டிருந்தா அதுவும் வந்திருக்கும்."

"அண்ணே, கொஞ்சம் வாய மூடுங்க. நான் எண்ணிக்கிட்டிருக்கேன்."

"எத எண்ணுற? இப்பத்தான் எல்லாமே ஒண்ணாயிடுச்சே."

உள்ளேயிருந்து இன்னொரு குரல் வந்தது. கடையின் இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மூலையில் நின்றிருந்த என்சியாவின் குரல். "பொகுவா, என் காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. சொல்லிட்டுத் தூக்கியிருக்கலாம்."

தவறு எளிமையானது. விளையாட்டுக்குள் அறை கட்டுகிறவரின் வலது கையில் ஒரு பேனா இருக்கும். அதன் முனையிலிருந்து ஒளிக்கோடு ஒன்று நீளும். அந்தக் கோடு தொட்ட பொருளைச் சுற்றி மஞ்சள் விளிம்பு படர்ந்தால் அது தேர்வாகிவிட்டது என்று பொருள். விசையை அழுத்திப் பிடித்து இழுத்தால் தேர்வான பொருள் கையோடு வரும். பல பொருள்களை ஒன்றாக எடுக்க வேண்டுமானால், பேனாவால் காற்றில் ஒரு பெட்டி வரைய வேண்டும். பெட்டி எதையெல்லாம் உரசுகிறதோ அதெல்லாம் மஞ்சளாகும். பொகுவா வரைந்த பெட்டியின் அடிப்பக்கம் ஒரு விரற்கடை தரையை உரசியிருந்தது. தரை சுவரோடு ஒட்டியிருந்தது, சுவர் மரத்தோடு. அவளே முந்தின நாள் ஒட்டவைத்தவைதான்.

பின்வாங்கும் பொத்தானை அழுத்தினாள். முற்றம் இறங்கி வந்தது. தரையைத் தேர்ந்து பூட்டுப் போட்டாள். பூட்டிய பொருள் எந்தப் பெட்டிக்கும் மசியாது.

"சுன்யானில உங்கக்கா கடைல இந்தத் தொல்லையெல்லாம் இல்ல," என்றான் போஹென். "ஒரு மீனத் தூக்கினா ஒரு மீன்தான் வரும்."

"அங்க எல்லாம் உறைஞ்சு கெடக்கும் அண்ணே. ஒண்ணத் தூக்கினா நாலு ஒட்டிக்கிட்டு வரும்."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் சுன்யானி என்ற ஊர்ப் பெயர் அவளுக்கு உறுத்தியது. அக்கா அங்கே உறைமீனும் கோழியும் விற்கும் கடை வைத்திருந்தாள். அக்காவுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது, கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பொகுவா கைப்பேசிக் கடை வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அம்மாவிடம் அவள் சொன்ன வாக்கு இது: விளையாட்டு நிறுவனம் நடத்தும், ஹெட்செட்டுக்குள் அறை கட்டும் போட்டியில் தேறினால் குமாசியில் இருப்பாள், தேறாவிட்டால் மறு பேச்சில்லாமல் சுன்யானிக்குப் பேருந்து ஏறுவாள். தேறும் ஐவருக்கும் சொந்தமாக ஒரு ஹெட்செட்டும் ஆறு மாதக் கட்டுமான வேலையும் கிடைக்கும். இதுவரை அவள் போஹெனின் ஹெட்செட்டில்தான், கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கட்டிவந்தாள். அன்று மாலை நான்கு மணிக்கு நடுவர்கள் மூன்று பேர் அவள் அறைக்குள் வருவார்கள். ஓர் அறைக்குப் பத்து நிமிடம்.

அவள் கட்டியிருந்தது ஒரு வழக்காடும் முற்றம். வருகிறவர்கள் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்ததும் முரசு ஒலிக்கும், நடுவில் ஒரு கோழி தோன்றும். ஒருவன் சோளத்தை இன்னொருவனின் கோழி தின்றுவிட்டது என்பது வழக்கு. யார் வாதி, யார் பிரதிவாதி, யார் கோழிக்காகப் பேசுவது என்பதையெல்லாம் வந்தவர்களே பிரித்துக்கொண்டு சண்டை போட வேண்டும். ஸ்டூல்கள் அந்த ஊர்ப்பக்க மக்களான அசாந்திகளின் வழக்கப்படி செய்தவை: கீழே தட்டையான பலகை, நடுவில் செதுக்கிய தண்டு, மேலே இரு முனையும் தூக்கிய வளைந்த இருக்கை. இருபத்து நான்கு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னப் பச்சை அம்பை அவள் ஒட்டியிருந்தாள். அம்பு எந்தப் பக்கம் நிற்கிறதோ, உட்கார்கிறவரின் தலையும் அந்தப் பக்கம்தான் நிற்கும். கட்டுகிறவர் கண்ணுக்குத்தான் அம்பு தெரியும். வருகை தருகிறவர் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்டூல்களை எப்படி அடுக்குவது என்று சொல்வதற்குத்தான் என்சியாவைக் கூப்பிட்டிருந்தாள். அவன் அவளோடு பள்ளியில் படித்தவன், இப்போது வட்டார அலுவலகத்தில் பதிவேட்டு எழுத்தர். அவன் தாய்வழியில் சிலர் ஒரு சிறிய ஊர்த் தலைவரின் அவையில், ஒருவர் சொல்வதை மற்றவருக்கு எடுத்துச் சொல்லும் பேச்சாளராக இருந்தவர்கள். அதனால் வழக்கம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், அவன் முதுகு நேராகிவிடும். தலைவர்களை அழைக்கும் 'நானா' என்ற சொல்லால்தான் போஹென் அவனை அழைப்பான்.

"நானா, குடிமக்கள் காத்திருக்காங்க. ஸ்டூல எங்க வைக்கிறதாம்?"

"லாடம் மாதிரி வளைச்சு வைக்கணும்," என்றான் என்சியா, கிண்டலைக் காதில் வாங்காமல். "வாசல் பக்கம் திறந்திருக்கணும். வர்றவன் வலது ஓரத்துலேருந்து ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரா வணக்கம் சொல்லிக்கிட்டுப் போவான். ஆரம்பிக்க எடம் வேணாமா?"

"இது விளையாட்டுடா," என்றாள் பொகுவா. "வர்றவங்க வானத்துலேருந்து குதிப்பாங்க."

"குதிக்கட்டும். குதிச்சிட்டு வலது பக்கத்துலேருந்து ஆரம்பிக்கட்டும்."

அவனோடு வேலை செய்வது லேசாக இல்லை. விளையாட்டில் இடது கையில் பொருள்கள் அடங்கிய தட்டு இருக்கும், அதிலிருந்து எடுத்து நீட்டலாம். என்சியா இடது கையால் எதையும் நீட்ட மாட்டான். தட்டைக் காற்றில் விட்டு, பேனாவை விட்டு, பொருளை வலது கைக்கு மாற்றி, அப்புறம்தான் நீட்டுவான். அவசரத்தில் ஒருமுறை இடது கையாலேயே ஒரு பானையைத் தள்ளிவிட்டவன், "இடது கைக்கு மன்னிச்சுக்க," என்றான்.

"யார்கிட்டடா மன்னிப்பு கேக்குற?"

"உங்கிட்டத்தான்."

"பானைகிட்ட கேட்டான்னு நான் நெனச்சேன்," என்றான் போஹென்.

பன்னிரண்டரைக்கு லாடம் முடிந்தது. பொகுவா ஒவ்வொரு ஸ்டூலையும் தேர்ந்து, நீல அம்புக்குறியைப் பிடித்துத் தரையோடு தரையாக நகர்த்தி, இடைவெளி சரிபார்த்தாள். ஒருமுறைகூடச் சுவர் ஒட்டிக்கொண்டு வரவில்லை. போஹென் எழுந்து நின்று கைதட்டினான். "எங்கம்மா பாத்தா நம்ப மாட்டா. மூணு மணி நேரம் ஸ்டூல அடுக்கினா ஒரு பொண்ணு, ஆனா கை அழுக்காகல."

அவன் வாங்கி வைத்திருந்த வாச்சே என்ற பயறுச் சோறு இலைக்குள் ஆறிக்கொண்டிருந்தது. பொகுவா ஹெட்செட்டைக் கழற்றினாள். கண்ணைச் சுற்றி அதன் வளையம் பதிந்திருந்தது. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனபோது அம்மாவின் அழைப்பு வந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. நாலு மணிக்கு வர்றாங்க."

"அந்த வீட்டுல மழை ஒழுகுமா?"

"அங்க மழையே கெடையாதும்மா."

"அப்ப எவனும் கூரைய கொற சொல்ல மாட்டான். நல்லதுதான்." அம்மா அடுத்த கேள்விக்குப் போனாள். "உங்கக்கா கேட்டா. திங்கக்கிழமை பஸ்ஸா, அடுத்த திங்கக்கிழமையா?"

"முடிவு செவ்வாய்க்கிழமை வரும்மா."

"அப்ப அடுத்த திங்கக்கிழமைன்னு சொல்லிடுறேன்," என்று அம்மா வைத்துவிட்டாள். மகள் போவதா இல்லையா என்பதை விட்டுவிட்டு, எந்தத் திங்கள் என்பதை மட்டும் முடிவு செய்திருந்தாள்.

கடைக்குள் என்சியா சாப்பிடாமல் நின்றான். அவனுக்கு மூன்று மணிக்கு டாஃபோவில் ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டும். துக்கத்துக்கென்று கொண்டு வந்திருந்த கறுப்புத் துணியை உடலில் சுற்றி, நுனியை இடது தோளில் போட்டுக்கொண்டு, வலது தோள் திறந்திருக்க, தலையில் ஹெட்செட்டோடு கடைசியாக ஒருமுறை முற்றத்தைச் சுற்றிவந்தான். முற்றத்தில் யாரும் இல்லை. இருபத்து நான்கு ஸ்டூல்களும் வெறுமையாக, நிமிர்ந்து நின்றன.

அது அவனால் தாங்க முடிகிற காட்சி இல்லை. ஆளில்லாத ஸ்டூலை நிமிர்த்தி வைக்க அவன் வீட்டில் யாரும் விட்டதில்லை. எழுந்தவுடன் பக்கவாட்டில் சாய்த்துவிட வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாமல் திரிகிறவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் உட்காருகிறவன் அவர்கள் மடியில்தான் உட்கார வேண்டும். என்சியா முதல் ஸ்டூலைத் தொட்டான். மஞ்சள் விளிம்பு வந்தது. சுழற்றும் வளையத்தைப் பிடித்துக் கால்வட்டம் திருப்பினான். ஸ்டூல் பக்கவாட்டில் படுத்தது. பெட்டி வரைந்து ஒட்டுமொத்தமாகச் செய்திருந்தால் ஒரே நொடியில் முடிந்திருக்கும். அவன் ஒவ்வொன்றாக, வலது கையால் செய்தான். முடித்தபோது மணி இரண்டே கால். அறையைச் சேமித்துவிட்டு, ஹெட்செட்டை மேசைமேல் வைத்துவிட்டு, டாஃபோவுக்கு வாடகைக் காரில் ஏறினான். வாசலில் பொகுவாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "கடைசி வேலை ஒண்ணு பாக்கி இருந்துச்சு, செஞ்சிட்டேன்."

மூன்று ஐம்பதுக்குப் பொகுவா வருகையாளராக உள்ளே போய்ப் பார்த்தாள். ஸ்டூல்கள் சாய்ந்து கிடந்தன. அவளுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மாறாக, காலையிலிருந்து ஏதோ ஒன்று பொருந்தாமல் இருந்தது இப்போது பொருந்திவிட்டதாகத் தோன்றியது.

"இப்பத்தான் முற்றம் மாதிரி இருக்கு," என்றான் போஹென், டிவியைப் பார்த்து. "நானா வேலையா?"

"அவனாத்தான் இருக்கும். நான் மறந்தே போயிட்டேன் பாருங்க அண்ணே. மூணு வாரமா ஸ்டூல எல்லாம் நிக்க வச்சிருக்கேன்."

இரண்டு பேரும் அசாந்திகள். இரண்டு பேரும் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் பச்சை அம்பு ஞாபகத்துக்கு வரவில்லை.

நான்கு மணிக்கு நடுவர்கள் வந்தார்கள். விளையாட்டில் அவரவர் விரும்பும் உருவத்தில் வரலாம். தலைமை நடுவர் ஓர் உயரமான நாரையாக வந்தார், பெண் குரல். இரண்டாமவருக்குத் தலைக்குப் பதில் தேநீர்க் கெண்டி. மூன்றாமவர் ஒரு பாறாங்கல், அதில் இரண்டு கண்கள். உருவம் இல்லாமல் வேடிக்கை மட்டும் பார்க்கிற கூட்டமும் வந்திருந்தது. மூலையில் ஓர் எண் மட்டும் நாற்பத்தொன்று என்று காட்டியது.

"அக்வாபா," என்றாள் பொகுவா. "வாங்க, உக்காருங்க."

நாரை முதல் ஸ்டூலைத் தொட்டது. அடுத்த கணம் அது உட்கார்ந்த நிலையிலேயே, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், பக்கவாட்டில் படுத்திருந்தது. அலகு மேற்குச் சுவரைப் பார்த்தது. கெண்டியும் உட்கார்ந்தார். கெண்டியின் மூக்கு நாரையின் கால்களுக்கு நேராக வந்தது. பாறாங்கல்லும் சாய்ந்தது, ஆனால் பாறாங்கல் என்பதால் அவ்வளவாகத் தெரியவில்லை. மூன்று பேர் உட்கார்ந்துவிட்டதால் முரசு ஒலித்தது. நடுவில் கோழி தோன்றியது. அது ஒன்றுதான் நேராக நின்றது.

கடையில் போஹென் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "ஐயோ, மூணு பேரையும் படுக்கப் போட்டுட்டியேம்மா!"

"அம்பு," என்றாள் பொகுவா. "அண்ணே, அம்பும் சேந்து சாஞ்சிருச்சு."

போஹென் என்சியாவுக்கு அடித்தான். மறுமுனையில் பித்தளை வாத்தியக் குழு முழங்கியது.

"ஸ்டூலச் சாய்ச்சது நீதானே?"

"ஆமா! யாரும் உக்காரலையே!"

"இப்ப உக்காந்துட்டாங்கடா!"

"அப்ப நிமித்துங்க! அதுக்குத்தானே வீட்டுக்காரங்க இருக்கீங்க!" என்று வாத்தியத்துக்கு மேலே கத்திவிட்டு என்சியா வைத்துவிட்டான்.

போஹென் அதைத் திட்டாகத்தான் பொகுவாவின் காதுக்கருகே திரும்பச் சொன்னான். அவளுக்கு அது ஒரு யோசனையாகக் கேட்டது. பத்து நிமிடத்தில் ஒன்று போயிருந்தது. இருபத்து நான்கையும் திருத்த நேரமில்லை. ஆனால் வந்தவர்கள் மூன்று பேர்தான். கட்டும் பேனாவை எடுத்தாள்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள். "உங்க ஸ்டூல நான் நிமித்திக் குடுக்கணும்."

நாரை உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தொட்டாள். அவசரத்தில் கோடு முதலில் கோழியைத் தேர்ந்தது, அடுத்து முரசை. மூன்றாவது முறை ஸ்டூல் மஞ்சளானது. வளையத்தைப் பிடித்துத் திருப்பினாள். தப்பான பக்கம். நாரை தலைகீழாகி, இடுப்பு வரை தரைக்குள் போய்விட்டது. வெளியே கால்கள் மட்டும் நின்றன.

"உங்க தரைக்கு அடியில என்ன இருக்குன்னு இப்பத் தெரியுது," என்றது நாரை, கீழேயிருந்து. "ஒண்ணுமே இல்ல."

"அங்க எதுவும் கட்டலங்க."

"அதான் சொல்றேன்."

பொகுவா மறுபக்கம் அரைவட்டம் திருப்பினாள். நாரை நிமிர்ந்தது. கெண்டியையும் பாறாங்கல்லையும் ஒரே முயற்சியில் நிமிர்த்தினாள். நான்கு நிமிடம் போயிருந்தது.

நாரை முற்றத்தைச் சுற்றிப் பார்த்தது. மற்ற இருபத்தோரு ஸ்டூல்கள் சாய்ந்தே கிடந்தன. "இதெல்லாம் நீங்க வேணும்னே செஞ்சதா?"

கடையில் போஹென், ஆமாம் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினான். ஹெட்செட் மாட்டியவளுக்கு அது தெரிய வழியில்லை.

"ஸ்டூல் சாஞ்சிருக்கிறது சரிதாங்க," என்றாள் பொகுவா. "நீங்க சாஞ்சதுதான் தப்பு. அது எங்க கவனக்குறைவு."

"ஸ்டூல் ஏன் சாஞ்சிருக்கணும்?"

"ஆளில்லாத ஸ்டூல் நிமிந்திருந்தா கண்ணுக்குத் தெரியாதவங்க வந்து உக்காந்துடுவாங்க."

கெண்டித் தலையர் மூலையிலிருந்த எண்ணைப் பார்த்தார். "இப்பவே நாப்பத்தொரு பேர் இருக்காங்க," என்றார். "எங்க உக்காந்திருக்காங்களோ."

பாறாங்கல் சிரித்தது. அதுவரை அது பேசியிருக்கவில்லை. "நான் கோழிக்காகப் பேசுறேன்," என்றது. "என் கட்சிக்காரருக்குப் பசி. சோளத்துக்கு வேலியில்ல."

"வேலி போட வேண்டியது கோழி வளக்கிறவன்தான்!" என்றார் கெண்டி.

"கோழி என்ன கையெழுத்துப் போட்டுச்சா?"

பொகுவா நடுவில் நின்று இரு பக்கமும் பேச விட்டாள். ஒருவர் பேசி முடித்ததும் அதை இன்னொருவருக்குத் திருப்பிச் சொன்னாள், பேச்சாளர் செய்வதுபோல. பத்து நிமிடம் முடிந்த மணி அடித்தது. யாரும் எழவில்லை. நாரை தீர்ப்புச் சொன்னது: கோழி முட்டையிட்டுக் கடனை அடைக்க வேண்டும். அதை எதிர்த்துப் பாறாங்கல் மேல்முறையீடு செய்தது. அவர்கள் கிளம்பியபோது இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. எழுந்து வாசல் வரை போன நாரை திரும்பிப் பார்த்து, "என் ஸ்டூலச் சாய்ச்சிடுங்க," என்றது. பொகுவா சாய்த்தாள்.

ஹெட்செட்டைக் கழற்றியபோது அவள் நெற்றி முழுக்க வியர்வை.

"கேட்டதுக்கு ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றான் போஹென். "வேணும்னே செஞ்சோம், பெரிய கலைன்னு."

"அடுத்து வர்றவங்களையும் படுக்கப் போடச் சொல்லுவாங்க அண்ணே."

ஆறு மணிக்கு என்சியா கறுப்புத் துணியோடு வந்து சேர்ந்தான். போஹென் எழுந்து, இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கவாட்டில் சாய்த்து அவன் முன்னால் வைத்தான். "உக்காருங்க நானா."

"நான் செஞ்சதுல என்ன தப்பு?" என்றான் என்சியா.

"ஒண்ணும் தப்பில்லடா," என்றாள் பொகுவா. "அதான் கண்டுபிடிக்கவே முடியல."

பட்டியல் செவ்வாய்க்கிழமை மாலை வெளியானது. தேறிய ஐந்து அறைகளில் பொகுவாவின் முற்றம் நான்காவது. இரண்டு வாரத்துக்குள் உட்காரும் குறிகளைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு குறிப்பு இருந்தது. அவளும் என்சியாவும் இருபத்து நான்கு அம்புகளையும் ஸ்டூல்களிலிருந்து பிரித்து, ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார்கள். ஸ்டூல்களைத் தொடவில்லை. அதற்கு ஒன்பது மணி நேரம் ஆனது. அடுத்த திங்கட்கிழமை சுன்யானிக்கு அவளுக்குப் பதில் அவள் அம்மா போனாள்.